எட்டுத் தங்கம், ஒரு கருப்பு

(பெங்களூர் அல்சூரில் ஒரு பழைய மூன்று மாடி வீடு. தரைத்தளத்தில் பார்வதி அக்கா, வீட்டில் நாலு மீன் தொட்டி. இரண்டாவது மாடியில் குணா. வெள்ளிக்கிழமை சாயங்காலம். குணா கையில் ஊதிக் கட்டிய பாலிதீன் பை.)

குணா: அக்கா, உங்க மீன் வலை கொஞ்சம் கிடைக்குமா? ரெண்டே நிமிஷம்.

பார்வதி: பையில என்ன?

குணா: பிளாக் மூர், கருப்பு கோல்ட்ஃபிஷ். சிவாஜிநகர்ல வாங்கினேன்.

பார்வதி: வலை கிடையாது.

குணா: வலைக்குக் கூடவா மடி ஆசாரம்?

பார்வதி: ஈர வலை ஒரு தொட்டிக் கிருமியை அடுத்த தொட்டிக்குச் சுமந்துட்டுப் போகும். உன் தொட்டிக்குன்னு தனியா ஒண்ணு வாங்கிக்க. ஏற்கெனவே ஒரு கருப்பு இருந்துச்சே, அது என்ன ஆச்சு?

குணா: போன வாரம் போயிடுச்சுக்கா. திருஷ்டியை வாங்கிக்கிட்டுப் போயிடுச்சு. ஆபீஸ்ல ப்ரமோஷன் பேச்சு ஓடுதுல்ல, எவனோ கண்ணு வெச்சிருக்கான். நாளன்னிக்கு அத்தை வர்றாங்க. எட்டுத் தங்கம், ஒரு கருப்பு, மொத்தம் ஒன்பதுன்னு வாஸ்து பாத்து வெக்கச் சொன்னதே அவங்கதான். வந்ததும் செருப்பைக் கழட்டுறதுக்கு முன்னாடி மீனைத்தான் எண்ணுவாங்க.

பார்வதி: சாகுறதுக்கு முன்னாடி உடம்பைக் கல்லுல தேய்ச்சுதா?

குணா: ஆமாக்கா! உங்களுக்கு எப்படி...

பார்வதி: மேல வந்து வாயை வாயைத் திறந்துச்சா?

குணா: நீங்க ஜாதகமும் பாப்பீங்களா?

பார்வதி: உடம்புல ரவை ஒட்டின மாதிரி வெள்ளைப் புள்ளி இருந்துச்சா?

குணா: தொட்டி லைட்டைப் போடுறதே அத்தை வந்தாதான்க்கா.

பார்வதி: சரியாப் போச்சு. உன் திருஷ்டி வெள்ளைப் புள்ளி நோயா இருக்கலாம், செவுள் புழுவா இருக்கலாம், அம்மோனியாவாவும் இருக்கலாம். தொட்டி ரெண்டடிக்கு ஓரடிக்கு ஓரடிதானே? 56 லிட்டர். கல்லு போக 50தான் தேறும். ஒரு கோல்ட்ஃபிஷுக்கே 40 லிட்டர் இருந்தா நல்லது. நீ ஒன்பதை உள்ள அடைச்சு வெச்சிருக்கே.

குணா: வாஸ்துல லிட்டர் கணக்கு வரலைக்கா.

பார்வதி: மீனுக்கு வரும். மத்த எட்டும் தேய்க்குதா?

குணா: ரெண்டு மட்டும் லேசா. விளையாடுதுன்னு நினைச்சேன்.

பார்வதி: அப்ப இந்தக் கருப்பை அதுக்குள்ள விடவே கூடாது.

குணா: புரியுது. கடை நோய் என் மீனுக்கு வந்துடக் கூடாது.

பார்வதி: அதுவும்தான். ஆனா இப்போதைக்கு உன் வீட்டு நோய் இதுக்கு வராம பாக்குறதுதான் அவசரம். உன்கிட்ட இருக்கிற ஒன்பதுல தெம்பா இருக்கிறது இந்தப் பையில இருக்கிறது ஒண்ணா இருந்தாலும் இருக்கும்.

குணா: சரி, தனியா வெக்கிறேன். ஞாயித்துக்கிழமை காலையில உள்ள விட்டுடலாம்ல?

பார்வதி: நாலு வாரம்.

குணா: அக்கா! ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி.

பார்வதி: கன்னடத்துல கெஞ்சினாலும் வெள்ளைப் புள்ளி அட்ஜஸ்ட் பண்ணிக்காது. அந்தக் கிருமி மீன் தோலுக்கு அடியில இருக்கிற வரைக்கும் மருந்து எட்டாது. முத்தினதும் உதிர்ந்து, அடியில ஒட்டிக்கிட்டு, சுத்தி ஒரு கூடு கட்டும். ஒண்ணு நூத்துக்கணக்குல பிரியும். அந்தக் கூட்டுக்குள்ளயும் மருந்து போகாது. குஞ்சு குஞ்சா வெளிய வந்து மீனைத் தேடி நீந்துதே, அந்த ஒண்ணு ரெண்டு நாள்தான் அதை அடிக்க முடியும். தண்ணி 25 டிகிரி இருந்தா ஒரு சுத்து ஒரு வாரத்துக்குள்ள முடியும். நம்ம ஊர் டிசம்பர் குளிர்ல இன்னும் இழுக்கும்.

குணா: அப்ப ஒரு வாரம் போதுமே?

பார்வதி: முதல் சுத்துல செவுளுக்குள்ள ரெண்டு இருக்கும், உன் கண்ணுக்குத் தெரியாது. அடுத்த சுத்துலதான் உடம்பெல்லாம் தெரியும். செவுள் புழுவுல முட்டை போடுற ஜாதி வேற இருக்கு. இது எல்லாத்துக்கும் சேத்துத்தான் நாலு வாரம். நடுவுல ஏதாவது வந்துச்சுன்னா, குணமான நாள்ல இருந்து திரும்ப ஒண்ணாம் நாள்.

குணா: (பெருமூச்சு விட்டு) என்னென்ன வேணும்?

பார்வதி: 40 லிட்டர் தண்ணி புடிக்கிற பிளாஸ்டிக் டப்பா, மூடியோட. சோப்பு படாததா இருக்கணும்.

குணா: ஒண்ணு இருக்கு. அதுல ஸ்வெட்டர் வெச்சிருக்கோம்.

பார்வதி: ஸ்வெட்டரை நீ போட்டுக்க. டப்பாவுல கல்லு, மண்ணு எதுவும் வேணாம். அடி வெறுமையா இருந்தாத்தான் எச்சத்தைப் பாக்கலாம், மிஞ்சின தீனியைக் குழாய் வெச்சு உறிஞ்சலாம். வெள்ளையா நூல் நூலாப் போச்சுன்னா வயித்துல கோளாறு. மறைஞ்சுக்க ஒரு பிவிசி எல்போ, மூணு இஞ்ச். ஓரத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சுடு. மூருக்குக் கண்ணு வெளிய துருத்திக்கிட்டு இருக்கும், பார்வையும் மந்தம். கூரா ஏதாவது இருந்தா கண்ணைக் கிழிச்சுக்கும்.

குணா: ஃபில்டர்?

பார்வதி: ஏர் பம்ப்ல ஓடுற ஸ்பாஞ்ச் ஃபில்டர். புது ஸ்பாஞ்சால அம்மோனியாவை ஒண்ணும் பண்ண முடியாது. அதை மாத்துற பாக்டீரியா ஸ்பாஞ்சுல குடியேறவே நாலஞ்சு வாரம் ஆகும்.

குணா: என் தொட்டி ஸ்பாஞ்சுல இருந்து பாதி வெட்டி...

பார்வதி: நோயையும் சேத்து வெட்டிப் போடு! என் தொட்டியில பழகின ஸ்பாஞ்ச் ஒண்ணு தர்றேன்.

குணா: வலை தர மாட்டேன்னீங்க?

பார்வதி: ஸ்பாஞ்ச் போனா போனதுதான், திரும்ப என் வீட்டுக்கு வராது. அதைப் போட்டாலும் முதல் ரெண்டு வாரம் தினமும் அம்மோனியா டெஸ்ட் பண்ணு. லிட்டருக்கு 0.25 மில்லிகிராம் காட்டினாலே கால்வாசித் தண்ணி மாத்தணும்.

குணா: காவேரித் தண்ணி ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வருது.

பார்வதி: வர்றப்ப பிடிச்சு வெச்சு ஒரு நாள் காத்து ஓட்டு, குளோரின் போயிடும். அவசரம்னா கடையில ஆன்டி குளோரின் கிடைக்கும். போர்வெல்னா குளோரின் இல்ல, உப்புத் தண்ணியா கனமா இருக்கும், கோல்ட்ஃபிஷ் அதைத் தாங்கும். ஆனா இன்னிக்கு அது, நாளைக்கு இதுன்னு மாத்தி மாத்தி ஊத்தாதே.

குணா: மருந்து இன்னிக்கே ஆரம்பிச்சுடவா? நீல மருந்து ஒண்ணு கடைக்காரர் சும்மாவே குடுத்தார்.

பார்வதி: மெத்திலீன் ப்ளூ. ஊத்தினா நான் குடுக்கிற ஸ்பாஞ்சுல இருக்கிற பாக்டீரியா செத்துப் போகும், டப்பா நீலமாகும், உன் சட்டையும் நீலமாகும். நோயே தெரியாம மருந்து எதுக்கு? பாத்துக்கிட்டு இரு, அதுதான் வேலை. செதில்ல குச்சி மாதிரி நீட்டிக்கிட்டு இருந்தா நங்கூரப் புழு. ஒரு பக்கச் செவுளை மட்டும் மூடிக்கிட்டு மூச்சு விட்டா செவுள் புழு. இன்னிக்குத் தீனி கிடையாது. நாளைக்கு ஒரு வேளை, ரெண்டு நிமிஷத்துல தின்னுற அளவு.

குணா: அப்ப மேல இருக்கிற எட்டுக்கு?

பார்வதி: அதுக்குத்தான் மருந்து. கல் உப்பு. லிட்டருக்கு 3 கிராம், உன் 50 லிட்டருக்கு 150 கிராம். ஒரேடியாக் கொட்டாதே. பன்னண்டு மணி நேரத்துக்கு 50 கிராம், மூணு தவணை, தனியாக் கரைச்சு ஊத்து.

குணா: தண்ணி ஆவியாகிக் குறைஞ்சா திரும்ப உப்பு போட்டு...

பார்வதி: போடாதே! ஆவியாகிறது தண்ணிதான், உப்பு உள்ளயேதான் இருக்கும். நீயா வெளிய எடுத்த தண்ணிக்கு மட்டும் கணக்கு. 10 லிட்டர் எடுத்தா, புதுத் தண்ணியோட 30 கிராம். உப்புக்கும் தேய்க்கிறது நிக்கலைன்னா செவுள் புழுன்னு வெச்சுக்கிட்டு ப்ராசிக்வான்டல்ங்கிற புழு மருந்து, லிட்டருக்கு 2.5 மில்லிகிராம். முட்டைக்கு மருந்து ஏறாது, அதனால ஒரு வாரம் கழிச்சு இன்னொரு தடவை. நாய்க்குக் குடுக்கிற பூச்சி மாத்திரையை உடைச்சுப் போடாதே, அதுல வேற மருந்தும் கலந்திருக்கும்.

குணா: டப்பாவை எங்க வெக்க? ஹால்ல பெரிய தொட்டி பக்கத்துலயே...

பார்வதி: குமிழி தெறிக்கிற துளியிலயே நோய் தாவும். வேற ரூம். வாளி, குழாய், வலை எல்லாம் தனி. கையைக் கழுவாம ரெண்டுலயும் விடாதே.

குணா: வேற ரூம்னா ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. அத்தை படுக்கிற ரூம்.

பார்வதி: ஏர் பம்ப் ராத்திரி பூரா ஓடணும், சொல்லிட்டேன். நிறுத்தினா ஸ்பாஞ்ச் வேலை செய்யாது.

குணா: சத்தம் வருமா?

பார்வதி: உர்ர்னு வந்துக்கிட்டே இருக்கும்.

குணா: (முகம் மலர்ந்து) ராத்திரி பூராவா?

பார்வதி: பூரா.

குணா: நாலு வாரம் போதுமாக்கா? பாதுகாப்புக்கு ஆறு வாரம் வெச்சுடலாமே?

பார்வதி: முதல்ல பையைக் கொண்டு போய் டப்பாவுல இருபது நிமிஷம் மிதக்க விடு. அப்புறம் திறந்து, டப்பாத் தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமா உள்ள விட்டு, மீனை மட்டும் கையால எடுத்து விடு. கடைத் தண்ணி ஒரு சொட்டு உள்ள போகக் கூடாது.

(மூன்றாவது வாரம். பார்வதி அக்காவின் போன் அடிக்கிறது.)

குணா: (கிசுகிசுப்பாக) அக்கா, வெள்ளைப் புள்ளி வந்துடுச்சு. இல்லைன்னு மட்டும் சொல்லுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.

பார்வதி: ஏன் ரகசியமாப் பேசுறே?

குணா: அத்தை இன்னும் இங்கதான் இருக்காங்க.

பார்வதி: ஏர் பம்ப்?

குணா: அந்தச் சத்தத்துலதான் தூக்கமே நல்லா வருதாம். டெஸ்ட் கிட் அவங்க கையில. தினமும் அம்மோனியா பாத்து காலண்டர்ல எழுதுறாங்க. நாலு வாரம் முடிஞ்சு மீனை உள்ள விட்டுட்டுத்தான் ஊருக்குப் போவாங்களாம். இப்ப நோய்னு ஆச்சுன்னா திரும்ப ஒண்ணாம் நாள்னு நீங்கதானே சொன்னீங்க!

பார்வதி: புள்ளி எங்கெங்க இருக்கு? வாலுல?

குணா: இல்ல.

பார்வதி: முதுகுல?

குணா: இல்ல. செவுள் மூடி மேல மட்டும். அப்புறம் பக்கத்து ரெக்கையோட முன் ஓரத்துல, வரிசையா.

பார்வதி: நல்லாச் சாப்பிடுதா?

குணா: அத்தை கையைப் பாத்தாலே ஓடி வருது.

பார்வதி: அது நோய் இல்லப்பா. ஆண் கோல்ட்ஃபிஷுக்கு முட்டை போடுற பருவத்துல வர்ற பரு. பையன் வயசுக்கு வந்துட்டான்.

குணா: அப்பாடா! அப்ப கணக்கு தொடருது. இன்னும் ஒரே வாரம்.

பார்வதி: மத்த எட்டும்?

குணா: உப்புக்கே தேய்க்கிறது நின்னுடுச்சு. நாலடித் தொட்டிக்கு அத்தை காசு குடுத்துட்டாங்க. நாலுக்கு ஒன்றரைக்கு ஒன்றரை.

பார்வதி: 255 லிட்டர். ஒன்பதுக்கு அதுவும் நெருக்கம்தான். பழைய ஃபில்டரையும் கழுவாம அப்படியே அதுல சேத்து ஓட விடு.

குணா: சரிக்கா. இன்னொரு விஷயம். கருப்புக்கு வயித்துப் பக்கம் லேசா மினுமினுன்னு தங்க நிறம் அடிக்குது. லைட்டா இருக்குமோ?

பார்வதி: லைட் இல்ல. பிளாக் மூர்ல நிறைய வளர வளர கருப்பு போய் வெண்கலமா, ஆரஞ்சா மாறிடும்.

குணா: மாறி?

பார்வதி: மாறினா அப்படியேதான் இருக்கும்.

குணா: அப்ப எட்டுத் தங்கம் ஒரு கருப்புங்கிறது...

பார்வதி: ஒன்பது தங்கம்.

குணா: அக்கா, மெதுவாப் பேசுங்க. ஸ்பீக்கர்ல... ஐயோ, பின்னாடியே நிக்கிறாங்க. கேட்டுட்டாங்க. பையை எடுத்துக்கிட்டு சிவாஜிநகர் போகச் சொல்றாங்க. நல்ல கருப்பா இன்னொண்ணாம். அதுக்கும் நாலு வாரம் கூடவே இருந்து பாத்துக்கிறாங்களாம்!

பார்வதி: வாங்கிட்டு வா. ஆனா அதே டப்பாவுல விட்டுடாதே, இப்ப இருக்கிறதுக்கும் சேத்து ஒண்ணாம் நாள்ல இருந்து ஆரம்பிக்கணும்.