எங்கள் எம்.பி. அவையில் என்ன கேட்டார்?

“எதிர்க்கட்சி எம்.பி.யால் என்ன ஆகப்போகிறது? டெல்லிக்குப் போவார், பேசுவார், திரும்பி வருவார்.” ராமநாதபுரம் கடற்கரையில் இந்தப் பேச்சைக் கேட்காமல் ஒரு தேர்தலைக் கடக்க முடியாது. தொண்டியிலும் கேட்கலாம், பாம்பனிலும் கேட்கலாம், சாயல்குடிப் பக்கமும் கேட்கலாம். சொல்பவர்கள் விவரம் தெரியாமல் சொல்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. இலங்கைக் கடற்படையிடம் படகைப் பறிகொடுத்தவருக்கு மக்களவைப் பேச்சு ஆறுதலாகக்கூட இருக்காது. ஆனாலும் இந்தப் பேச்சை என்னால் ஏற்க முடியவில்லை. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

2024 தேர்தலில் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளையும் திமுக கூட்டணி வென்றது. மத்தியில் ஆட்சி அமைத்தது தேசிய ஜனநாயகக் கூட்டணி. ஆக, தமிழ்நாடு தேர்ந்தெடுத்து அனுப்பிய மக்களவை உறுப்பினர்கள் அத்தனை பேரும் எதிர்வரிசையில் அமர்ந்தார்கள். எங்கள் தொகுதியில் 2019இலும் 2024இலும் வென்றவர் இந்திய யூனியன் முஸ்லிம் லீக்கின் நவாஸ்கனி. அவரைப் புகழவோ பழிக்கவோ இதை எழுதவில்லை. அந்த இடத்தில் யார் உட்கார்ந்தாலும் அவரிடம் நாம் எதை எதிர்பார்க்க வேண்டும் என்பதுதான் என் கவலை.

இன்று நாம் எதிர்பார்ப்பது என்ன? உயர்கோபுர மின்விளக்கு, பஸ் நிறுத்த நிழற்குடை, சமுதாயக்கூடம். கல்யாணத்துக்கும் துக்கத்துக்கும் வந்து போக வேண்டும். தொகுதி மேம்பாட்டு நிதியாக ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் இருப்பதால் அதை வைத்தே ஆளை எடைபோடுகிறோம். விளக்கும் கூடமும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அவற்றை ஊராட்சியும் நகராட்சியும் செய்யலாம். மத்திய அமைச்சரை எழுந்து நின்று பதில் சொல்ல வைக்க ஊராட்சித் தலைவரால் முடியாது.

கச்சத்தீவை எடுத்துக்கொள்வோம். அந்தத் தீவை இலங்கையின் பக்கம் சேர்த்த இந்திய–இலங்கை ஒப்பந்தம் 1974 ஜூன் மாதக் கடைசியில் கையெழுத்தானது. ஜூலை 23 அன்று வெளியுறவு அமைச்சர் ஸ்வரண் சிங் மக்களவையில் அறிக்கை படித்தார். எழுந்து எதிர்த்தவர்களில் திமுகவின் இரா. செழியன் உண்டு. அன்றைய ராமநாதபுரம் எம்.பி., பார்வர்டு பிளாக்கின் பி.கே. மூக்கையாத் தேவரும் உண்டு. எல்லையை வரையறுத்தோம், நிலத்தை விட்டுக்கொடுக்கவில்லை என்பது அரசின் வாதம். அதனால் அரசியல் சட்டத் திருத்தம் வரவில்லை, வாக்கெடுப்பும் இல்லை. எதிர்த்தவர்களிடம் மிச்சம் இருந்தது பேச்சு மட்டுமே.

அந்தப் பேச்சால் தீவு திரும்பவில்லை, உண்மைதான். ஆனால் அன்றைக்கு அமைச்சர் அவையில் சொன்னது பதிவில் இருக்கிறது: மீன்பிடிப்பு, கப்பல் போக்குவரத்து, புனிதப் பயணம் ஆகியவற்றில் இதுவரை இருந்த உரிமைகள் இனிமேலும் முழுமையாகப் பாதுகாக்கப்பட்டுள்ளன என்றார். ஒப்பந்தத்தின் 5ஆவது பிரிவும், நம் மீனவர்களும் யாத்திரிகர்களும் முன்போலவே, விசா இல்லாமல் தீவுக்குப் போய்வரலாம் என்கிறது. இரண்டே ஆண்டில், 1976 மார்ச்சில், இரு அரசுகளும் மாற்றிக்கொண்ட கடிதங்கள், ஒரு நாட்டின் படகு அடுத்த நாட்டின் கடலில் அனுமதியின்றி மீன்பிடிக்கக் கூடாது என்றன. அவையில் தந்த வாக்கு எங்கே, கடிதத்தில் எழுதியது எங்கே என்று இன்றும் நம்மால் கேட்க முடிகிறதே, அது அந்தப் பதிவு இருப்பதால். 2024 ஏப்ரல் 1 அன்று வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் இதே விவகாரத்துக்காகச் செய்தியாளர்களைச் சந்தித்தபோதும் 1974இன் அவைப் பேச்சைத்தான் எடுத்துக்காட்டினார். 20 ஆண்டுகளில் 6,184 மீனவர்களை இலங்கை பிடித்துச் சென்றது, 1,175 படகுகளைக் கைப்பற்றியது என்ற கணக்கையும் அன்று சொன்னார். ஐம்பது ஆண்டுக்கு முந்தைய பேச்சுக்கு இன்னும் உயிர் இருக்கிறது என்பதற்கு வேறு சான்று எனக்குத் தேவையில்லை.

இப்போது இன்னொரு பக்கம். எல்லாப் பேச்சும் ஒரே பயனைத் தருவதில்லை. கேள்வி நேரத்துக்கு அடுத்து வரும் பூஜ்ய நேரத்தில் ஓரிரு நிமிடம் ஆவேசமாகப் பேசினால் அது அன்று மாலையே கைபேசிக்கு வந்துவிடும், நாமும் பகிர்வோம். ஆனால் பூஜ்ய நேரத்தில் எழுப்பியதற்கு அமைச்சர் பதில் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. விதி 377இன் கீழ் 250 சொற்களுக்குள் எழுதிக் கொடுத்தால் அமைச்சகத்திடமிருந்து எழுத்தில் பதில் வர வேண்டும். நட்சத்திரக் குறியிட்ட கேள்வி என்றால் அமைச்சர் வாயால் பதில் சொல்ல வேண்டும், துணைக் கேள்வியும் கேட்கலாம். ஒரு நாளைக்கு 20 கேள்விகள் பட்டியலில் இருந்தாலும் ஒரு மணி நேரத்தில் சிலவற்றுக்குத்தான் முறை வரும். நட்சத்திரக் குறி இல்லாத கேள்விகள் நாளொன்றுக்கு 230 வரை. இவற்றுக்கு எழுத்தில் பதில். யாரும் கைதட்டாத, யாரும் பகிராத வேலை இது. எங்கள் கடற்கரைக்கு அதிகம் தேவைப்படுவது இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

“மீனவர் பிரச்சினைக்கு அரசு என்ன நடவடிக்கை எடுத்தது?” என்று கேட்டால், “தூதரக மட்டத்தில் தொடர்ந்து வலியுறுத்தி வருகிறோம்” என்று பதில் வரும். கேள்வி பொதுவாக இருந்தால் பதிலும் பொதுவாகத்தான் இருக்கும். ஆழ்கடல் மீன்பிடித் திட்டத்தை எண்ணிப் பாருங்கள். 2017இல் பாக் நீரிணை மீனவர்களுக்காக அறிவித்தார்கள். கடலடியை வழித்து இழுக்கும் வலையான இழுவைமடியை விட்டுவிட்டுச் சூரை மீன் பிடிக்க ஆழ்கடலுக்குப் போகும் படகு, விலை 80 லட்சம் ரூபாய். மத்திய அரசு 50 விழுக்காடு, மாநில அரசு 20, வங்கிக் கடன் 20, மீனவர் கையிலிருந்து 10. மூன்றாண்டில் 2,000 விசைப்படகுகளை மாற்றுவது இலக்கு. எத்தனை படகுகள் கட்டி முடித்துக் கொடுக்கப்பட்டன? வாங்கியவர்களில் எத்தனை பேர் இப்போதும் ஆழ்கடலுக்குப் போகிறார்கள்? எத்தனை பேர் கடன் கட்ட முடியாமல் நிற்கிறார்கள்? பழைய விசைப்படகுகளில் எத்தனை உண்மையில் கடலை விட்டு நீங்கின? இப்படி உடைத்துக் கேட்டால் அமைச்சகம் எண்களைத் தர வேண்டும். “தகவல் திரட்டப்படுகிறது” என்று சொன்னாலும் விடத் தேவையில்லை. அந்த மாதிரிப் பதிலை உறுதிமொழியாக எடுத்துக்கொள்ளும் அரசு உறுதிமொழிகள் குழு ஒன்று மக்களவையில் இருக்கிறது. மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும் என்பது விதி. கேட்டவர் விடாமல் பின்தொடர்ந்தால் அந்த விதி வேலை செய்யும், மறந்துவிட்டால் தாளில் உறங்கும்.

நம் பிரச்சினை ஒரே அமைச்சகத்துக்குள் அடங்காது என்பது இன்னொரு சங்கடம். பிடிபட்டவரை மீட்பது வெளியுறவுத் துறை. படகு, மானியம், மீன்பிடித் தடைக்கால விவகாரமெல்லாம் மீன்வளத் துறை. கடலோரக் காவல்படை பாதுகாப்புத் துறையின் கீழ். கடல் அட்டையை 2001இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்து, பிடிப்பதைத் தடுத்தது சுற்றுச்சூழல் துறை. ஒரு துறையிடம் கேட்டால் அடுத்த துறையைக் காட்டும். இந்த நால்வரிடமும் ஒரே கூட்டத்தொடரில் தனித்தனியாகக் கேட்டுப் பதில்களை அருகருகே வைத்துப் பார்க்கும் எம்.பி. எங்களுக்கு வேண்டும்.

பாசி எடுக்கும் பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சேர்த்து 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா அறிவித்தார்கள். தலைமுறைகளாக அந்தத் தீவோரங்களில் மூழ்கி மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப் பாசியும் எடுத்து வந்த பெண்கள், சட்டத்தின் கண்ணில் அத்துமீறுபவர்கள் ஆனார்கள். கையில் துணி சுற்றிக்கொண்டு, பாறையில் கால் கிழிய வேலை செய்பவர்கள் அவர்கள். வளமாவூரில் கடற்பாசிப் பூங்கா வருகிறது என்று 2023இல் அடிக்கல் நாட்டினார்கள், 127 கோடி ரூபாய்க்கு மேல் மதிப்பு. அதில் ஏற்கெனவே பாசி எடுக்கும் பெண்களுக்கு என்ன பங்கு? அவர்களில் எத்தனை பேருக்கு அடையாள அட்டை? இந்தக் கேள்வி கச்சத்தீவு அளவுக்குச் சூடு பிடிக்காது. அதனாலேயே யாராவது பிடிவாதமாகக் கேட்க வேண்டும்.

நமக்குக் கசப்பான ஒன்றையும் எம்.பி. பேச வேண்டும். இழுவைமடியால் கடலடி வழிக்கப்படுவதை நம் நாட்டுப்படகு மீனவர்களே எதிர்க்கிறார்கள். அக்கரையில் யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் வலை இழந்து நிற்பவர்களும் தமிழர்கள்தான். இலங்கை 2017இல் இழுவைமடியைத் தடை செய்தது. விசைப்படகுக்காரர்களின் வாக்கு போய்விடுமோ என்று இதைத் தொடாமல் விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. கைதைக் கண்டிக்கும் அதே வாயால் மாற்றுத் தொழிலுக்கான பணத்தையும் கால வரம்பையும் கேட்கலாம்.

பேசும் இடமே பறிபோகும் நாட்களும் உண்டு. 2020 செப்டம்பரில் கொரோனாவைக் காரணம் காட்டிக் கேள்வி நேரத்தை நீக்கினார்கள். 2023 டிசம்பர் 13 அன்று மக்களவைக்குள் இருவர் குதித்த சம்பவத்துக்கு உள்துறை அமைச்சர் விளக்கம் தர வேண்டும் என்று கேட்டதில், அந்தக் கூட்டத்தொடரில் இரு அவைகளிலும் 146 பேர் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். டிசம்பர் 18ஆம் தேதிப் பட்டியலில் ராமநாதபுரம் எம்.பி.யும் இருந்தார். இடைநீக்கம் ஆனவர்கள் கொடுத்திருந்த கேள்விகளும் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டன. அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு வந்த கோபம் கட்சி சார்ந்ததாக இருக்கவில்லை. ஓர் உறுப்பினரை வெளியே அனுப்பினால் அவர் தொகுதியின் கேள்வியும் வெளியே போய்விடுகிறது.

பதில்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வருகின்றன. இணையத்தில் யாரும் பார்க்கலாம், ஆனால் தங்கச்சிமடத்தில் வலை பின்னுபவர் எப்படிப் படிப்பார்? ஒவ்வொரு கூட்டத்தொடர் முடிந்ததும் தொகுதி பற்றிய கேள்வி பதில்களைத் தமிழில் அச்சடித்து, விசைப்படகுகளுக்கு டோக்கன் கொடுக்கும் இடத்திலும் மீன் இறங்குதளத்திலும் ஒட்டச் சொல்லி எம்.பி. அலுவலகத்திடம் கேட்போம். பெரிய செலவில்லை.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், விசைப்படகுகள் கரையில் நிற்கும். மழைக்காலக் கூட்டத்தொடர் பெரும்பாலும் ஜூலையில் தொடங்கும், கேள்விக்குக் குறைந்தது 15 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். வரும் தடைக்காலத்தில் சங்கங்கள் கூடும்போது ஒரு தாள் எடுத்து எழுதத் தொடங்குங்கள். என் பங்குக்கு முதல் கேள்வி: இலங்கையில் அரசுடைமையாக்கப்பட்ட படகுகளில் ராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்தவை எத்தனை, அவற்றின் உரிமையாளர்களில் எத்தனை பேருக்கு மத்திய அரசின் நிவாரணம் கிடைத்தது, எந்தத் தேதியில்?