எறும்பு மாவுப்பூச்சியைத் தின்னாது, காவல்தான் காக்கும்
"செடியில் ஏறும் எறும்பை விரட்டாதீர்கள், அது மாவுப்பூச்சியைத் தின்றுவிடும்" என்று ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு, நடப்பது நேர் எதிர். மாவுப்பூச்சி செடியின் சாற்றை உறிஞ்சி, மிஞ்சும் சர்க்கரையைத் தேன்துளியாக வெளியேற்றும். அந்த இனிப்புக்காகத்தான் எறும்பு வருகிறது, வந்ததோடு நிற்காமல் பூச்சியைத் தின்ன வரும் பொறிவண்டையும் விரட்டிவிடும் (கறவை மாட்டுக்குக் காவல் இருப்பது போல). இலை பிசுபிசுத்து, மேலே கரிபோல் பூஞ்சை படர்ந்திருந்தால் இலையடியையும் கணுக்களையும் பாருங்கள், வெள்ளைப் பஞ்சு போல மாவுப்பூச்சி தெரியும். சரி, முதலில் எறும்பு ஏறும் வழியை அடைத்துவிடுங்கள். அப்புறம் ஒரு துண்டுப் பஞ்சை எடுத்து 70 சதவீத ஆல்கஹாலில் நனைத்து, ஓர் இலையில் மட்டும் சோதித்துப் பார்த்துவிட்டு, பூச்சிகளைத் துடைத்தெடுங்கள். ஒருமுறை போதாது, முட்டைகள் தப்பிவிடும், அதனால் வாராவாரம் துடைக்க வேண்டியிருக்கும்.