விழுந்தால் யார் தூக்குவது?

போன ஞாயிற்றுக்கிழமை பழவேற்காட்டில், கலங்கரை விளக்கத்துக்குப் போகும் சாலையிலிருந்து பிரிகிற ஒரு மணல் தடத்தில், ஒரே ஒரு மோட்டார் சைக்கிளை நிமிர்த்த நான்கு பேர் தேவைப்பட்டார்கள். நான், வண்டிக்குச் சொந்தக்காரரான நண்பர், பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த இரண்டு மீனவர்கள். வேலை முடிந்ததும் அவர்களில் மூத்தவர் கையைத் தட்டிக்கொண்டே, "படகைத்தான் தம்பி இப்படிக் கூடி இழுப்போம். இப்போது வண்டிக்கும் ஆள் கூப்பிட வேண்டுமா?" என்றார். நண்பர் சிரித்தார். எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டதால் சிரிக்க முடியவில்லை.

எந்த நிறுவனத்தின் வண்டி என்று கேட்காதீர்கள், அதில் விஷயம் இல்லை. 1200 சிசியைத் தாண்டிய, 250 கிலோவை நெருங்கும் 'அட்வெஞ்சர்' ரக வண்டி. தார்ச்சாலையிலும் போகும், காட்டுப்பாதையிலும் போகும் என்பதுதான் இந்த ரகத்தின் வாக்குறுதி. முதல் பாதி முழு உண்மை. இரண்டாவது பாதியைப் பற்றித்தான் எனக்குச் சண்டை.

முதலில் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். அதிகாலை ஐந்து மணிக்குத் திருவொற்றியூரிலிருந்து கிளம்பினோம். துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் எண்ணூர் நெடுஞ்சாலையை என்ன பாடுபடுத்தி வைத்திருக்கின்றன என்பது இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். லாரி டயர் அழுத்தி அழுத்திப் பிதுங்கிய தார், அதற்கு நடுவே மண், மழை பெய்திருந்தால் சேறு. என் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் அதில் குதித்துக்கொண்டு வந்தது. அவருடைய வண்டியோ பள்ளங்களை விழுங்கிக்கொண்டு போனது. ஒருமுறை கொல்கத்தா நெடுஞ்சாலையில் கும்மிடிப்பூண்டி தாண்டித் தடா வரை அதை எனக்கு ஓட்டக் கொடுத்திருக்கிறார். அன்று இறங்க மனமே வரவில்லை. காற்று முகத்தில் அடிக்கவில்லை, கை மரத்துப்போகவில்லை, பின்னால் மனைவியும் இரண்டு பக்கமும் பெட்டிகளும் இருந்தாலும் வண்டிக்கு அது ஒரு சுமையாகவே தெரியாது. ஒரு நாளில் 600, 700 கிலோமீட்டர் போகிறவருக்கு இதைவிட நல்ல இருசக்கர வாகனம் கிடையாது.

மீஞ்சூர், பொன்னேரி, பழவேற்காடு வரை எல்லாம் சரியாகத்தான் போனது. தார் முடிந்து மணல் தொடங்கிய இடத்தில்தான் கதை மாறியது. (கடற்கரையிலேயே ஓட்டினோம் என்று நினைக்க வேண்டாம். பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறுகிற கரையில் வண்டி ஓட்டுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும்.) மணலில் வேகத்தைக் குறைக்கக் குறைக்க முன்சக்கரம் புதையும். கால்தாங்கியில் எழுந்து நின்று, முழங்காலை லேசாக மடக்கி, ஆக்சிலேட்டரைச் சீராகப் பிடித்துக்கொண்டு தூரத்தைப் பார்த்து ஓட்ட வேண்டும். நண்பருக்கும் இதெல்லாம் தெரியும். ஆனால் ஒரு ஆடு குறுக்கே வந்தது. ஹேண்டில்பார் திரும்பியிருந்த நிலையில் முன் பிரேக்கைப் பிடித்துவிட்டார். வண்டி நின்றது, சாய்ந்தது, பிறகு படுத்துவிட்டது. 250 கிலோ ஓர் எல்லையைத் தாண்டிச் சாய்ந்துவிட்டால் மனிதக் காலால் தடுக்க முடியாது. தடுக்கப் பார்ப்பவர்களுக்குத்தான் கால் முறிகிறது. அவர் புத்திசாலித்தனமாகக் குதித்து விலகினார்.

தூக்குவதற்கு முறை இருக்கிறது. என்ஜினை நிறுத்திவிட்டு, வலப்பக்கம் விழுந்திருந்தால் முதலில் சைடு ஸ்டாண்டை இறக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் தூக்கிய வேகத்தில் மறுபக்கம் விழும். பிறகு இருக்கைக்கு முதுகைக் கொடுத்து, ஒரு கையால் ஹேண்டில்பாரையும் மறு கையால் பின்பிடியையும் பற்றி, காலால் உந்திப் பின்னோக்கி நடக்க வேண்டும். கெட்டித் தரையில் இது நடக்கும். மணலில் உங்கள் கால்தான் புதையும், வண்டி அப்படியே கிடக்கும். எங்களுக்கு அதுதான் நடந்தது.

வரலாற்றைக் கொஞ்சம் புரட்டினால் இந்தக் கனத்தின் வேடிக்கை புரியும். இந்த ரகத்தின் மூதாதை என்று எல்லாரும் கைகாட்டுவது 1980-இல் வந்த பிஎம்டபிள்யூ ஆர் 80 ஜி/எஸ் வண்டியைத்தான். ஜி என்றால் காட்டுநிலம், எஸ் என்றால் சாலை, ஜெர்மன் சொற்களின் முதலெழுத்துகள். அதன் பந்தய வடிவத்தில்தான் ஊபேர் ஓரியோல் சஹாரா பாலைவனத்தைக் கடந்து போகும் பாரிஸ்-டக்கார் பந்தயத்தை 1981-இல் வென்றார். கடைக்கு வந்த அந்த வண்டியின் எடை எவ்வளவு தெரியுமா? 186 கிலோ. 50 குதிரைத்திறன். அதன் வழிவந்த ஆர் 1250 ஜிஎஸ் 249 கிலோவில் வந்து நின்றது. 30 லிட்டர் பெட்ரோல் தொட்டியுள்ள அதன் 'அட்வெஞ்சர்' வடிவம் 268 கிலோ. 2023-இல் ஆர் 1300 ஜிஎஸ் வந்தபோது 12 கிலோ குறைத்து 237-க்குக் கொண்டுவந்தார்கள். செய்கிறவர்களுக்கே கனம் உறுத்தியிருக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

இப்போது இந்தப் பக்கம் பாருங்கள். 2023 நவம்பரில் வந்த ஹிமாலயன் 450 வண்டியின் எடை 196 கிலோ, 40 குதிரைத்திறன், முன்னால் 21 அங்குலச் சக்கரம். அந்த 1980 வண்டிக்கு மிக அருகில் நிற்பது பேரன் அல்ல, நம் ஊர்க்காரன்தான். நம் ஊர் என்று உரிமையோடு சொல்கிறேன். 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிட்ச் நகரத்து ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் கூட்டுச்சேர்ந்து தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா வேர்விட்டது எங்கள் திருவொற்றியூரில்தான். இப்போது பெரும்பகுதி வேலை ஒரகடம், வல்லம் வடகால் பக்கம் போய்விட்டது. என் அப்பா அந்தத் திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் இருந்தவர், ஆகவே எனக்குப் பாரபட்சம் உண்டு. மறைக்கவில்லை.

பாரபட்சத்தைக் கழித்துவிட்டே சொல்கிறேன், ஹிமாலயன் ஒன்றும் இறகு அல்ல. ஒரு காலத்தில் பழைய விமான ஓடுபாதையில் மோட்டார் பந்தயம் நடந்த சோழவரத்தில், ஏரிக்கரைச் சேற்றில் இரண்டு முறை அதைக் கீழே போட்டிருக்கிறேன். இரண்டு முறையும் மூச்சு வாங்கினாலும் தனியாகத் தூக்கினேன். என் உயரம் ஐந்தடி நான்கு அங்குலம். காட்டுப்பாதையில் போகப் போகிறேன் என்கிறவர் கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி குதிரைத்திறன் அல்ல. "இதைப் படுக்க வையுங்கள், நான் தூக்கிப் பார்க்கிறேன்" என்று எந்தக் கடையில் சொன்னாலும் விரட்டிவிடுவார்கள் என்பது வேறு விஷயம்.

"லடாக் போகிறவனுக்குப் பெரிய என்ஜின் வேண்டாமா?" என்று இந்தப் பதிவின் கீழே யாராவது கேட்பார்கள். உயரம் ஏற ஏறக் காற்று மெலிந்து எந்த என்ஜினும் வலு இழக்கும், பெரிய என்ஜினில் மிச்சம் இருக்கும், அது சரி. ஆனால் உருண்டைக் கல் கிடக்கும் ஓடையில் வண்டி சாய்ந்தால் அந்த மிச்சம் வந்து கை கொடுக்காது. பெரிய வண்டியை அங்கே லாகவமாக ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். பெரும்பாலும் கூட்டமாகப் போகிறவர்கள், அல்லது முறையாகப் பயிற்சி எடுத்தவர்கள்.

பயிற்சி என்றதும் இன்னொன்று. ஐரோப்பாவில் ஏ2 எனப்படும் நடுத்தர வண்டிக்கான உரிமம் எடுத்தவர் 35 கிலோவாட்டுக்கு, அதாவது சுமார் 47 குதிரைத்திறனுக்கு, மேற்பட்ட வண்டியைத் தொடக் கூடாது. அதைத் தாண்ட அனுபவமோ வயதோ வேண்டும், மறுபடி தேர்வும் உண்டு. இங்கே 100 சிசி வண்டியில் எட்டுப் போட்டுக் காட்டி வாங்கிய உரிமத்தை வைத்துக்கொண்டு, மறுநாளே 145 குதிரைத்திறன் வண்டியில் ஏறலாம். 350 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 40 சதவீத ஜிஎஸ்டி போடத் தோன்றிய அரசுக்கு, அதை ஓட்டுகிறவரின் கையைச் சோதிக்கத் தோன்றவில்லை. வரியால் என் நண்பர் மாதிரி ஆட்கள் நிற்கப் போவதில்லை. 20 லட்சத்துக்கு மேல் கொடுக்கத் துணிந்தவருக்கு அது இன்னும் கொஞ்சம், அவ்வளவுதான்.

நண்பரைக் கிண்டல் செய்வதற்காக இதை எழுதவில்லை. அவர் வாங்கியது நல்ல வண்டி. அதன் விளம்பரப் படங்களில் பார்த்த பாலைவனத்தையும் சேர்த்து வாங்கிவிட்டதாக நினைத்துக்கொண்டார், அதில்தான் எனக்கு வருத்தம். திரும்பி வரும் வழியில் பொன்னேரியில் டீ குடித்தபோது, "பெட்டிகளைக் கழற்றிவிட்டு வந்திருந்தால் விழுந்திருக்காது" என்றார். பெட்டியோடு போகத்தானே அந்த வண்டி என்று கேட்க வந்து, கேட்காமல் விட்டுவிட்டேன்.

நேற்று மறுபடி அழைத்தார். அடுத்த மாதம் பழவேற்காட்டுக்கே போகலாம், இந்த முறை டயரில் காற்றைக் குறைத்துக்கொண்டு மணலில் இறங்கிப் பார்க்கலாம் என்கிறார். வருகிறேன் என்றேன். அந்த மூத்தவரிடம் முன்கூட்டியே சொல்லி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.