மூன்று மணி நேரத்தில் குரோசான் வராது

பாரிஸுக்குச் சுற்றுலா போகிறவர்களிடம் 'மூன்று மணி நேரத்தில் குரோசான் கற்கலாம்' என்று வகுப்பு விற்கிறார்களே, பார்த்தாலே பற்றிக்கொண்டு வருகிறது. அடுக்கடுக்காக உரியும் அந்தப் பிறை வடிவ வெண்ணெய் ரொட்டிக்குப் பிசைந்த மாவு ஃபிரிட்ஜில் ஓர் இரவு கிடக்க வேண்டும். பிறகு உள்ளே வெண்ணெய் வைத்து, மூன்று முறை மூன்றாக மடிக்க வேண்டும். ஒவ்வொரு மடிப்புக்கும் நடுவில் அரை மணி நேரமாவது குளிரில் ஓய்வு. சுருட்டிய பின் உப்புவதற்கே இரண்டு மணி நேரம். எங்கே போகிறது கணக்கு?

அதனால் முதல் நாளே மடித்து வைத்த மாவை எடுத்து நீட்டுகிறார்கள். முக்கோணமாக வெட்டி, சுருட்டி, முட்டை தடவுவதோடு நம் வேலை சரி. குரோசானின் உயிரே மடிப்பில்தான் இருக்கிறது! வெண்ணெய் மாவோடு சேர்ந்து வளைய வேண்டும். ரொம்பக் குளிர்ந்திருந்தால் உள்ளேயே துண்டு துண்டாக உடையும். இளகிவிட்டால் மாவில் கலந்து, அடுக்கே இல்லாமல் பன் மாதிரி வெந்து வரும். விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், விரலில் ஒட்டக் கூடாது. இந்தப் பக்குவம் கை வைக்காமல் எப்படிப் படியும்? உப்ப வைக்கும் இடம் 27 டிகிரிக்கு மேல் போனால் வெண்ணெய் கசிந்து தட்டில் தேங்கும் என்பதையாவது சொல்லித் தரலாம். வெண்ணெயில் கொழுப்பு 82 சதவீதமா, மடிப்புக்கென்றே விற்கும் 84 சதவீதமா என்பதும் முக்கியம்.

நேரம் அவ்வளவுதான் என்றால் உள்ளே கிரீம் நிரப்பிய நீளமான எக்லேருக்கு அடுப்பில் கிண்டும் ஷூ (choux) மாவைச் சொல்லிக் கொடுங்களேன்: 250 மில்லி தண்ணீர், 100 கிராம் வெண்ணெய், 150 கிராம் மாவு, நான்கு முட்டை. அடுப்பில் கிண்டுவதிலிருந்து கிரீம் நிரப்புவது வரை எல்லாமே மூன்று மணி நேரத்துக்குள் நம் கையாலேயே முடியும்.