பனிச்சரிவு அளவுகோலில் 3 என்பது நடுத்தர ஆபத்து அல்ல

சுவிட்சர்லாந்தில் பனிச்சரிவு எச்சரிக்கை 5-க்கு 3 என்றால் ஆபத்து நடுத்தரம்தான், பாதையை விட்டு விலகிச் சறுக்கலாம் என்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். எண்ணை மட்டும் பார்த்தால் அப்படித் தோன்றுவது இயல்புதான். ஆனால் இந்த அளவுகோல் சமமான படிகளில் ஏறுவதில்லை. ஒவ்வொரு நிலைக்கும் ஆபத்து வேகமாகக் கூடுகிறது. 3-இல் செங்குத்தான சரிவுகளில் ஒரே ஒரு ஆளின் எடை பட்டாலே பனியடுக்கு பெயர்ந்து கிளம்பக்கூடும். காலடியில் பனி ‘வும்’ என்று அமுங்கும், சறுக்குப்பலகையிலிருந்து விரிசல் ஓடும். இவை இந்த நிலையில் வழக்கமாகக் காணும் அறிகுறிகள். அந்த நாட்டில் பனிச்சரிவில் இறப்பவர்களில் சுமார் பாதிப்பேர் 3 அறிவிக்கப்பட்ட நாட்களில்தான் இறக்கிறார்கள். 4, 5 அறிவிக்கப்பட்ட நாட்களில் பலர் மலைக்கே போவதில்லை என்பதும் இதற்கு ஒரு காரணம், சரி. அதனால் 3 பாதுகாப்பானதாகிவிடாது.

டாவோஸில் உள்ள எஸ்.எல்.எஃப். என்ற பனி, பனிச்சரிவு ஆய்வு நிறுவனத்தின் தளத்தில் அபாய நிலைகள் பக்கத்தைத் திறந்தால், ஒவ்வொரு நிலைக்கும் விளக்கமும் உயிரிழப்பு விகிதமும் இருக்கும். குளிர்காலத்தில் தினமும் மாலை 5 மணிக்கு அறிக்கை வரும். அதில் எண்ணுக்குக் கீழே, எந்தத் திசைச் சரிவில், எத்தனை மீட்டர் உயரத்துக்கு மேல் ஆபத்து என்பதையும் படித்துவிடுங்கள்.