பாரசீகனுக்குச் சொந்த எழுத்தே இல்லையாம்!

அந்த நேர்காணல் துண்டை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். பார்த்துவிட்டேன், கீழே கருத்தும் போட்டேன், நன்றாக வாங்கியும் கட்டிக்கொண்டேன். "அன்றைக்குப் பக்கத்து நாட்டான் எழுத்து, இன்றைக்கு அரபு எழுத்து, இதெல்லாம் ஒரு நாகரிகமா?" என்று அதில் பேட்டி கொடுக்கும் அண்ணன் பாரசீகர்களைப் பார்த்துக் கேட்கிறார், கூட்டம் கைதட்டுகிறது.

முதலில் தகவலே தப்பு. ஈரானில் உள்ள பெஹிஸ்தூன் மலைப்பாறையில் கி.மு. 520 வாக்கில் பாரசீகப் பேரரசன் டேரியஸ் தன் வெற்றிகளை மூன்று மொழிகளில் வெட்டிவைத்தான்: ஈலமியம் (ஈரானின் தென்மேற்கில் வழங்கிய பழைய மொழி), பாபிலோனியம், பழம்பாரசீகம். மூன்றாவதற்கான எழுத்து பாரசீகர்களே அமைத்துக்கொண்டது. ஆப்பு ஆப்பாகக் கோடு பதிக்கும் அந்த வடிவம் மட்டும்தான் மெசொப்பொத்தேமியச் சரக்கு, அதாவது இன்றைய ஈராக் பக்கத்தது. பாபிலோனிய எழுத்தில் நூற்றுக்கணக்கில் குறிகள். பழம்பாரசீக எழுத்தில் ஒலிக்குறிகள் 36 மட்டுமே. இதைச் சொன்னதற்குத்தான் "ஈரான் தூதரகத்தில் சம்பளம் எவ்வளவு?" என்று ஒருவர் கேட்டார். அதற்கு ஏகப்பட்ட சிரிப்புக்குறி. சம்பளம் வந்ததும் சொல்லி அனுப்புகிறேன்.

சரி, ஒரு பேச்சுக்குச் சொந்த எழுத்தே இல்லை என்று வைத்துக்கொள்வோம். அதனால் என்ன குறைந்துவிட்டது? எழுத்து வேறு, மொழி வேறு. 1933-ல் பாரசீகப் பேரரசின் தலைநகர்களில் ஒன்றான பெர்சபோலிஸின் கோட்டைப் பகுதியில் ஆயிரக்கணக்கான களிமண் பலகைகள் கிடைத்தன. டேரியஸ் காலத்துக் கணக்கு வழக்கு. யாருக்கு எவ்வளவு தானியம், எந்தப் பயணிக்கு எவ்வளவு மாவு, பிள்ளை பெற்ற வேலைக்காரப் பெண்ணுக்கு எவ்வளவு கூடுதல் படி. (ஆண் குழந்தை என்றால் இரண்டு மடங்கு. அந்த வயிற்றெரிச்சலை இன்னொரு நாள் கொட்டுகிறேன்.) பெரும்பாலானவை ஈலமிய மொழியில். பழம்பாரசீகத்தில் இதுவரை அடையாளம் கண்டது ஒரே ஒரு பலகை. கணக்கெழுதிப் பழகியவர்கள் ஈலமிய எழுத்தர்கள், அவர்களிடமே எழுத்தாணியைக் கொடுத்தார்கள். எகிப்துவரை கடிதம் போக, அன்று பல நாட்டுக்கும் பொதுமொழியாக இருந்த அரமேயம். ஆளுகிற இடமெல்லாம் தன் மொழியைத் திணிக்காதவனைப் பார்த்து இளக்காரமாகச் சிரிக்கிறோம். யார்? நாம்!

துபாயில் வேலை பார்த்தபோது பக்கத்து இருக்கையில் ஈரானின் ஷிராஸ் ஊர்க்காரர் ஒருவர். தாய்மொழி பாரசீகம், எழுதுவது அரபு எழுத்தில். அரபியில் கடிதம் வந்தால் எங்கள் மேலாளர் நேராக அவரிடம் நீட்டுவார். அவர் கடகடவென்று வாய்விட்டுப் படித்துவிட்டு, "அர்த்தத்தை அரபிக்காரரிடம் கேளுங்கள்" என்று திருப்பிக் கொடுப்பார். அடுத்த கடிதமும் அவரிடமே வரும். ஒருநாள் பொறுக்கமுடியாமல் 'ப' உட்பட நான்கு எழுத்துகளைப் பெரிதாக எழுதி, "இவை அரபியில் கிடையாது, நாங்கள் சேர்த்தவை" என்று மேசையில் ஒட்டிவைத்தார். யாரும் நின்று படிக்கவில்லை.

"அப்படியானால் கீழடிப் பெருமை வேண்டாமா?" என்கிறார்கள். வேண்டாம் என்று எங்கே எழுதினேன்? தாராளமாகப் பெருமைப்படுங்கள், நானும் படுகிறேன். அதற்குப் பாரசீகனை மிதித்துத்தான் ஏற வேண்டுமா? "இன்றைய ஈரான் அரசு என்ன செய்கிறது தெரியுமா" என்று ஆரம்பிப்பவர்களிடம் பேச எனக்குத் தெம்பில்லை. நான் பேசுவது 2500 வருடத்துக் களிமண்ணைப் பற்றி. அந்த ஆப்பெழுத்து அரசர் கல்வெட்டுகளோடு நின்றுபோனதே, மக்களிடம் போகவில்லையே என்று ஒரு தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. ஆமாம், அலெக்சாண்டர் வந்த பிறகு அது வழக்கொழிந்தது. எழுத்துதான் போனது, மொழி போகவில்லை. அரமேயத்திலிருந்து கிளைத்த பஹ்லவி எழுத்தில் அது தொடர்ந்தது, பிறகு அரபு எழுத்தில்.

அப்புறம், இதற்கெல்லாம் பெஹிஸ்தூன் வரை போக வேண்டியதே இல்லை. கொல்லத்துத் தரிசாப்பள்ளிச் செப்பேடு, கி.பி. 849. பட்டயம் நம் பழைய வட்டெழுத்தில் இருக்கிறது. சாட்சிக் கையெழுத்துகளில் அரபு மொழி கூஃபி என்ற பழைய அரபு எழுத்தில், பாரசீகம் பஹ்லவி எழுத்தில், அதே பாரசீகம் எபிரேய எழுத்திலும். "உனக்குச் சொந்த எழுத்து இல்லையா" என்று விரட்டாமல் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். சென்னைப் பரங்கிமலைத் தேவாலயத்துச் சிலுவையைச் சுற்றி வளைந்து ஓடும் வரியும் பஹ்லவிதான். மலையேறிப் பார்த்துவிட்டு வந்து கைதட்டுங்கள்.

என்னைத் 'தமிழ்த் துரோகி' என்று எழுதியவர் முகம் தெரியாதவர் என்றால் போகட்டும். என் அக்கா மகன் கல்யாணத்தில் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவர். என் எண் அவரிடம் இருக்கிறது. ஒரு போன் போட்டுத் திட்டியிருக்கலாம்.

கருத்துப்பெட்டியை இன்று இரவு மூடிவிடுவேன். அந்த 36-ல் தப்பு கண்டுபிடிக்கிறவர்கள் மட்டும் அதற்குள் வரலாம்.