6 பெட்டிக்குள் 21 பிள்ளைகள்

சனிக்கிழமை என் சாரணர் பிள்ளைகளோடு போனில் நடத்திய கூட்டத்துக்கு மேலிடத்துக்கு அனுப்பிய வரவு அறிக்கை இன்று காலை திரும்பி வந்துவிட்டது. நான் 21 என்று எழுதிய இடத்தைச் சிவப்பால் வெட்டி 6 என்று போட்டிருக்கிறார்கள். பக்கத்தில் குறிப்பு: "ஸ்கிரீன்ஷொட்டில் தெரிவது 6 சாரணர்கள் மட்டுமே. வரவு போதாது. செயற்பாட்டை மீண்டும் நடத்தவும்."

மீண்டும் நடத்தவும்! ஒரு தேத்தண்ணி ஆறுகிற நேரத்துக்குள் எழுதி அனுப்பிவிட்டார்கள். சனிக்கிழமை பின்னேரம் அந்த 21 பிள்ளைகளும் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். எனக்கு வயிறு எரிகிறது.

வன்னியில் சாரணர் துருப்பு நடத்துகிற எவருக்கும் இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. மாங்குளத்தில் கேளுங்கள், மல்லாவியில் கேளுங்கள், புதுக்குடியிருப்பில் கேளுங்கள். வீட்டில் ஒரு போன். அது விடிய அப்பாவோடு வயலுக்கோ மேசன் வேலைக்கோ போய், பொழுதுபட 15 வீதச் சார்ஜோடு வீட்டுக்கு வரும். அதற்குப் பிறகு அக்காவின் ரியூஷன், தம்பியின் பாடக் குறிப்பு. ரீலோட் போட்ட காசு புதன்கிழமையே முடிந்திருக்கும். கொரோனாக் காலத்தில் 2020, 2021 இல் பட்டது இன்னும் மறக்கவில்லை. அப்போது வேறு வழி இருக்கவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு செய்தோம். இப்போது பள்ளிக்கூடம் திறந்து கிடக்கிறது, மைதானம் கிடக்கிறது, மைதான ஓரத்தில் பாலை மரம் நிற்கிறது. அதற்குப் பிறகும் ஏன் இந்தப் போன் திரைப் பெட்டிக்குள் பிள்ளைகளை அடைக்கிறீர்கள்?

அறிவித்தல் இப்படி வந்தது: மெய்நிகர் குழுச் செயற்பாடு, சனிக்கிழமை பின்னேரம் 6 மணி, ஒவ்வொருவரும் தங்கள் வீட்டிலிருந்து, சீருடையோடு, கமரா திறந்தபடி. வாசித்த உடனேயே எனக்குத் தலை சுற்றியது. பின்னேரம் 6 மணி என்று எழுதிய ஆளுக்கு ஒட்டுசுட்டான் பக்கமோ துணுக்காய்ப் பக்கமோ காட்டோரக் கிராமத்தில் அந்த நேரம் எப்படி இருக்கும் என்று தெரியுமா? யானை இறங்குகிற நேரம். வீட்டுக்குள் சிக்னல் இல்லாத பிள்ளை குளக்கட்டுக்குத்தான் ஏறும். இருட்டில், யானை வருகிற வழியில், 12 வயதுப் பிள்ளை கையில் போனோடு நிற்க வேண்டும், ஸ்கிரீன்ஷொட்டில் ஒரு பெட்டி கூட வேண்டும் என்பதற்காக!

அதனால் நான் பிள்ளைகளிடம் சொன்னேன், தனித்தனியாக வேண்டாம், அணியாக ஒரே இடத்தில் கூடுங்கள் என்று. என்னிடம் 24 பேர், 4 அணி. மயில் அணி ஆறு பேரும் அணித்தலைவன் வீட்டு விறாந்தையில். மான் அணி ஐந்து பேர் கோயிலடியில். கழுகு அணி இரண்டு வீட்டில், மூன்று பேரும் இரண்டு பேருமாக. சிறுத்தை அணி நான்கு பேர் குளக்கட்டில், ஒருவனின் சித்தப்பா டோர்ச்சோடு காவல். அதே அணியில் இன்னொரு பிள்ளை தன் வீட்டில் தனியாக. மொத்தம் 21 பேர், 6 போன். மற்ற மூன்று பேருக்கும் ஒரு வழியும் கிடைக்கவில்லை.

இதில் என்ன பிழை? சாரணியத்தின் அடிப்படையே அணிதானே! 1907 ஓகஸ்டில் சாரணியத்தைத் தொடங்கிய பேடன் பவல் இங்கிலாந்தின் பிறவுன்சித் தீவுக்குச் சுமார் 20 பையன்களைக் கூட்டிக்கொண்டு போனபோது அவர்களை 4 அணியாகத்தான் பிரித்தார். ஆறு பேர் ஒரு போனைச் சுற்றிக் குந்தியிருந்தால் அது அணி. ஆறு பேர் ஆறு வீட்டில் ஆறு பெட்டிக்குள் இருந்தால் அது வெறும் பெட்டி. இதைத் தெரியாத ஆளா வரவைச் சரிபார்க்கிறார்?

சரி, சனிக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன்.

6 மணிக்குச் சூம் லிங்க்கைப் போட்டேன். பிள்ளைகளோடு பேசும்போது பெரியவர்கள் இரண்டு பேர் இருக்க வேண்டும் என்பது நல்ல விதி, அதை நான் மதிக்கிறேன். என் உதவி ஆசிரியர் கரண்ட் இல்லாத வீட்டில் மெழுகுதிரியை முன்னால் வைத்துக்கொண்டு வந்து இருந்தார். 6.05க்கு மயில் அணி வந்தது. "சேர், கேக்குதா?" கேட்குது தம்பி. "சேர், கேக்குதா?" கேட்குது. "சேர், நீங்க கதைக்கிறது கேக்கேல்ல." 6.11க்கு மான் அணி. கோயிலில் மணி அடிக்கத் தொடங்கியது, மணி ஓயும்வரை ஒருவரும் பேச முடியவில்லை. 6.17க்குச் சிறுத்தை அணி. குளக்கட்டில் காற்று. காற்றைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை.

பிறகு சாரணர் வாக்குறுதி. மூன்று விரலை உயர்த்திப் பிடித்துக்கொண்டு 21 பிள்ளைகளும் சேர்ந்து சொல்ல வேண்டும். ஒவ்வொரு போனும் ஒவ்வொரு வேகத்தில் வருகிறது. மயில் அணி முடிக்கும்போது கழுகு அணி பாதியில், மான் அணி முதல் வரியில். பள்ளிக்கூட முற்றத்தில் ஒரே குரலாக அதைச் சொல்லும்போது எனக்கு இன்றைக்கும் மயிர் கூச்செறியும். அந்தப் பின்னேரம் அது சிதறிச் சிதறி வந்ததைக் கேட்கக் கவலையாக இருந்தது. குளக்கட்டில் நின்ற சின்னவன் எல்லோரும் முடித்த பிறகு தனியாக, சத்தமாக, கடைசி வரிவரை சொல்லி முடித்தான். ஒருவரும் அவனை இடைமறிக்கவில்லை. அந்தப் பிள்ளைக்கு வரவு இல்லையாம்.

6.24 ஆகிவிட்டது. இலவசக் கணக்கு 40 நிமிடத்தில் தானாகவே வெட்டிவிடும். மிச்சம் 16 நிமிடம். கொடுத்திருந்த பாடம் முடிச்சு.

முடிச்சு! கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுக்கிற பாடத்தைப் போனில் செய்யச் சொல்கிறார்கள். இரண்டு முனையைச் சேர்த்துக் கட்டுகிற றீப் நொட் என்பது சின்ன விசயம் இல்லை. முதலுதவியில் முக்கோணத் துணியைக் கட்டி முடிவது அந்த முடிச்சால்தான். தட்டையாகக் கிடக்கும், உடம்பில் உறுத்தாது, அவிழ்ப்பதும் சுகம். வலது முனையை இடது முனைக்கு மேலால் போட்டுச் சுற்ற வேண்டும், அடுத்தது இடது முனையை வலதுக்கு மேலால். இரண்டு தரமும் ஒரே பக்கத்தால் போட்டால் அது கிறனி நொட். பார்வைக்குக் கிட்டத்தட்ட ஒன்றுதான், பாரம் ஏறினால் வழுகும்.

முற்றத்தில் என்றால் நான் பிள்ளைக்குப் பின்னால் போய் நிற்பேன். அவன் தோளுக்கு மேலால் என் இரண்டு கையையும் நீட்டி அவன் கையோடு சேர்த்துக் கயிற்றைப் பிடிப்பேன். என் வலது அவன் வலது, என் இடது அவன் இடது. ஒரு தரம் செய்தால் போதும், கைக்கு விளங்கிவிடும்.

போனில் நான் எதிரே இருக்கிறேன். என் வலது கை அவனுக்கு இடது பக்கம் தெரிகிறது. நான் முதல் சுற்றைப் போட்டேன். எல்லாப் பிள்ளைகளும் படத்தைப் பார்த்துக் கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடதை வலதுக்கு மேலால் போட்டார்கள். அதிலும் பிழையில்லை, அப்படியே பார்த்து இரண்டாவதையும் போட்டிருந்தால் முடிச்சு சரியாகத்தான் வந்திருக்கும். ஆனால் அந்த இடத்தில் படம் நின்றுவிட்டது. "சேர், படம் நிண்டிட்டுது, சத்தம் மட்டும் கேக்குது." நான் என்ன செய்வேன், வாயால் சொன்னேன்: இப்போது இடது முனையை வலதுக்கு மேலால் போடுங்கோ. அவர்கள் சொன்னபடியே செய்தார்கள். முதல் சுற்று படத்தைப் பார்த்து, இரண்டாம் சுற்று சத்தத்தைக் கேட்டு. இரண்டும் இடது மேலால். இழுத்துப் பாருங்கோ என்றேன். இழுத்தார்கள். நாலு இடத்திலிருந்து ஒரே சத்தம்: "சேர், வழுகுது!"

அவர்களில் ஒருவனும் பிழை விடவில்லை. என்ன சொன்னேனோ அதைச் செய்தார்கள். அவிழ்த்து முதலில் இருந்து தொடங்கினோம். மயில் அணித்தலைவன் கயிற்றைப் போனுக்குக் கிட்டப் பிடித்துக் காட்டினான். ஒரு முனைக்குச் சிவப்பு நூல் சுற்றியிருந்தான், சின்னவர்களுக்கு வலது எது இடது எது என்று தடுமாறாமல் இருக்க. ஒருவரும் சொல்லிக்கொடுத்தது இல்லை, அவனே யோசித்தது. அதைப் பார்த்து நான் வாயைத் திறக்கிறேன், திரை கறுத்துவிட்டது. 40 நிமிடம் முடிந்தது.

இரண்டாவது லிங்க் போட்டேன். மான் அணிக்கு டேட்டா முடிந்துவிட்டது. கழுகு அணியில் ஒரு போன் சார்ஜ் இல்லாமல் செத்துவிட்டது. சித்தப்பா "இனி நிக்கேலாது தம்பிமார், காணும்" என்று பிள்ளைகளைக் குளக்கட்டிலிருந்து இறக்கிவிட்டார். அவர் செய்தது நூற்றுக்கு நூறு சரி. நல்லவேளை, முதல் 40 நிமிடத்துக்குள் அந்த ஸ்கிரீன்ஷொட்டை எடுத்துவைத்திருந்தேன். 8 பெட்டி. இரண்டில் நாங்கள், ஆறில் 21 பிள்ளைகள். பெட்டிக்குள்ளே தலைகள் தெரிகின்றன. எண்ணலாம். மயில் அணியின் பெட்டியில் ஆறு தொப்பி தெரிகிறது. எண்ணுவதற்கு மனம் வேண்டும், அவ்வளவுதான். போதாததற்கு அணி வாரியாகப் பெயர்ப்பட்டியலும் வைத்து, நானும் உதவி ஆசிரியரும் கையெழுத்துப் போட்டுத்தான் அனுப்பினேன்.

வீட்டில் தனியாக இருந்த பிள்ளையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவன் கமரா முழுக்கத் தகரத்தைத்தான் காட்டியது. முகம் அரைவாசி, மிச்சம் தகரம். கொஞ்சம் திருப்பு தம்பி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவன் வீட்டுக்கு நான் போயிருக்கிறேன், ஏன் திருப்பமாட்டான் என்று எனக்குத் தெரியும். முற்றத்தில் சீருடையோடு வரிசையில் நிற்கும்போது எவன் வீடு கல்வீடு, எவன் வீடு தகரம் என்று ஒருவருக்கும் தெரியாது. சீருடை இருப்பதே அதற்காகத்தான். "தங்கள் வீட்டிலிருந்து, கமரா திறந்தபடி" என்று எழுதியவர்கள் அந்தச் சீருடையை அந்தப் பிள்ளையிடமிருந்து கழற்றிவிட்டார்கள். இதை நான் மன்னிக்கமாட்டேன்.

தூரத்தில் இருந்து சந்திப்பதற்கு நான் எதிரி இல்லை. 1957 இல் ஜம்போரி என்கிற உலகச் சாரணர் பெருவிழாவில் வானொலி ஆர்வலர்கள் கூடி யோசித்து, 1958 இல் வானொலியில் சந்திக்கிற வான்வழி ஜம்போரி தொடங்கினார்கள். ஒவ்வொரு ஒக்டோபரிலும் உலகம் முழுக்க நடக்கிறது, இப்போது இணையத்திலும் நடக்கிறது. வேறு நாட்டுப் பிள்ளையோடு வன்னிப் பிள்ளை பேசுவதென்றால் நான் என் காசில் ரீலோட் போடுவேன். எட்ட முடியாத ஆளை எட்டுவதற்காக வந்த ஏற்பாடு அது. சைக்கிளில் பத்து நிமிடத்தில் வந்து சேர்கிற பிள்ளைகளை வராமல் மறிப்பதற்கு அல்ல. 1912 இல் மாத்தளையில் இந்த நாட்டின் சாரணியம் தொடங்கியபோது யாரிடம் கமரா இருந்தது?

இரவு ஒன்பதரைக்கு ஒரு குரல் பதிவு வந்தது. தகரத்தைக் காட்டிய பிள்ளைதான். அப்பா வேலையால் வந்த பிறகு போனைக் கேட்டு வாங்கியிருக்கிறான். "சேர், நான் திருப்பிக் கட்டிப் பாத்தனான். இப்ப வழுகேல்ல. தங்கச்சியின்ர கையில துணியால கட்டிப் பாத்தனான், அவவுக்கு நோகேல்லையாம்." அவ்வளவுதான் பதிவு. நாலு தரம் கேட்டுவிட்டேன். இதை எந்தப் பெட்டிக்குள் போட்டு அனுப்புவது?

மீண்டும் நடத்தத்தான் போகிறேன். வருகிற சனிக்கிழமை பின்னேரம் 3 மணிக்கு, பள்ளிக்கூட மைதானத்தில், பாலை மரத்துக்குக் கீழே. 24 பேருக்கும் ஒருவர் விடாமல் சொல்லியாயிற்று. அறிக்கையில் 24 என்று எழுதுவேன். வெட்டட்டும் பார்ப்போம்.

அப்புறம் அந்தச் சனிக்கிழமை முடிச்சுப் பழக வாங்கிய இந்தக் கயிறு. ஆளுக்கு ஒன்றரை மீற்றர், 24 பேருக்கு 36 மீற்றர். கடையில் தும்புக்கயிறு இல்லையாம், நைலோன்தான் இருக்கிறதாம். முடிச்சுப் பழகுகிற பிள்ளைக்கு வழுகுகிற நைலோன்! சரி, தா என்று 36 மீற்றருக்குக் காசு கொடுத்து வாங்கிவந்தேன். இன்று மத்தியானம் வீட்டில் இருந்து வெட்டினால் 22 ஆவது துண்டோடு முடிகிறது, மிச்சம் ஒரு மீற்றர். இரண்டு தரம் அளந்தேன். 34 மீற்றர்தான். கடையில் என் கண்ணுக்கு முன்னால்தான் அளந்தார்கள். அந்த இரண்டு பிள்ளைகளுக்கும் நான் எதைக் கொடுப்பது?